சும்மா நிற்கும் வண்டி, படகு பேட்டரிகளுக்கு சோலார் சார்ஜ்: என் அனுபவம்

நான் பார்த்தவரை, உழைத்துத் தேய்ந்து போன பேட்டரிகளைவிடச் சும்மா நின்றே கெட்டுப்போனவைதான் அதிகம். என் வேலை அப்படி, கிளம்பினால் திரும்பி வர மாதங்கள் ஆகும். கார் ஷெட்டுக்கு வெளியே நிற்கும், பைக் ஓரமாகக் கிடக்கும், படகு துறையில் கட்டியிருக்கும். மூன்றுக்கும் இப்போது சோலார் பேனல்தான் காவல். நண்பர்களின் வண்டிகளுக்கும் மாட்டிக் கொடுத்திருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதை எழுதி வைத்தால் யாருக்காவது உதவும்.

முதலில், நிற்கும் பேட்டரிக்கு என்ன ஆகிறது என்பது புரிய வேண்டும். 1859-இல் காஸ்டன் பிளாண்டே என்ற பிரெஞ்சுக்காரர் செய்த ஈய-அமில பேட்டரியின் அடிப்படைதான் இன்றும் நம் வண்டிகளில் இருக்கிறது. சார்ஜ் இறங்க இறங்க உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து பழைய நிலைக்கு வந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் அந்தப் படிவு பெரிய பெரிய படிகங்களாக இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுதும் கரையாது. தகட்டின் அந்தப் பகுதி போனது போனதுதான். 60 ஏ.எச். (ஆம்பியர்-ஹவர், அதாவது ஒரு ஆம்பியர் வீதம் 60 மணி நேரம் தரும் கொள்ளளவு) பேட்டரி என்று மேலே ஒட்டியிருக்கும், உள்ளே 30 ஏ.எச்.-க்குத்தான் இடம் இருக்கும்.

ஆகவே நிற்கும் பேட்டரிக்கு வேகமான சார்ஜ் தேவையில்லை. அது இன்று இழந்ததை இன்றே திருப்பிக் கொடுத்தால் போதும். சின்ன பேனல் செய்வது இதைத்தான். அதனால், எத்தனை வாட் பேனல் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், உன் வண்டி ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறது என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

குடிப்பது இரண்டு வகை. ஒன்று பேட்டரி தானாக இழப்பது. சாதாரண தண்ணீர் ஊற்றும் பேட்டரி மிதமான வெப்பத்தில் மாதம் 3 முதல் 5 சதவீதம் இழக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். இது மெதுவான இழப்பு. மற்றது வண்டி குடிப்பது. சாவியை எடுத்த பிறகும் கடிகாரம், அலாரம், ரிமோட் பூட்டு, எஞ்சின் கம்ப்யூட்டரின் நினைவகம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே இருக்கும். புதிய கார்களில் 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை போவது சகஜம். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் 30 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 0.72 ஏ.எச்., மாதத்துக்கு 21 ஏ.எச்.-க்கு மேல். அதோடு பேட்டரியின் சொந்த இழப்பையும் சேர்த்தால் 60 ஏ.எச். பேட்டரியில் மாதத்துக்கு 40 சதவீதம் காலி. இரண்டாவது மாதம் முடியும்போது செல்ஃப் எடுக்காது, டக் டக் என்று ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) சத்தம் மட்டும்தான் வரும்.

இதை அளப்பது கஷ்டமில்லை. மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, சிவப்பு ஒயரையும் அதற்கான ஓட்டையில் மாற்றிக்கொள்ளுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். பானெட் திறந்தே இருக்கட்டும், கதவுகள் மூடியிருக்கட்டும். என் காரில் இதைச் செய்தபோது மீட்டர் முதலில் ஒரு ஆம்பியருக்கு மேல் காட்டியது. கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏதோ ரிலே விழும் சத்தம் கேட்டது, எண் 0.3-க்கு வந்தது. அப்புறமும் காத்திருந்தேன். இன்னொரு ரிலே விழுந்ததும் 0.03-இல் போய் நின்றது. வண்டியின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தூங்கப் போக இருபது நிமிடம், சில வண்டிகளில் முக்கால் மணி நேரம்கூட ஆகும். அதற்கு முன்னால் அளந்துவிட்டு வண்டியில் எங்கோ லீக் என்று எலக்ட்ரீஷியனிடம் ஓட வேண்டாம். மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது. ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்னோட்டத்தில் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

கம்ப்யூட்டர்கள் எல்லாம் தூங்கிய பிறகும் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால், அது பேனல் வாங்கித் தீர்க்கும் பிரச்சினை இல்லை. பின்னால் மாட்டிய ஜிபிஎஸ் டிராக்கர், டேஷ் கேமரா, ஆம்ப்ளிஃபயர் மாதிரி ஏதோ ஒன்று விழித்திருக்கிறது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எண் எங்கே சட்டென்று விழுகிறது என்று தெரிந்துவிடும். முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

சரி, இப்போது பேனல். 12 வோல்ட் பேட்டரிக்கு என்று விற்கும் 10 வாட் பேனல் நல்ல வெயிலில் 18 வோல்ட் அருகே சுமார் 0.55 ஆம்பியர் தரும். காலை முதல் மாலை வரை அது அப்படியே தராது. ஒரு நாளின் வெயிலை எல்லாம் உச்சி வெயிலாகச் சுருக்கினால் பல இடங்களில் நான்கு அல்லது ஐந்து மணி நேரம் தேறும். குளிர்காலத்தில் துருவம் நோக்கிய பகுதிகளில் ஒரு மணி நேரம்கூடத் தேறாத நாட்கள் உண்டு. நான்கு மணி நேரம் என்று வைத்தால் 10 வாட் பேனல் நாளைக்கு 2.2 ஏ.எச். தரும்.

என் காருக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 0.8 ஏ.எச். போட்டது அத்தனையும் பேட்டரிக்குள் தங்காது, அதிலும் நிறைந்த பேட்டரியில் இழப்பு அதிகம். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருந்து சார்ஜைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரும் தன் பங்குக்கு 10 மில்லி ஆம்பியர் வரை இரவும் பகலும் எடுக்கும். எல்லாம் சேர்த்து 1.3 ஏ.எச். என்று வைத்துக்கொண்டேன். தொடர்ந்து மேகம் மூடும் நாட்களுக்காக அதை இரட்டித்தால் 2.6. பத்து வாட் பேனல் அந்த இரட்டிப்புக்குக் கொஞ்சம் குறைகிறது, இருபது வாட் தாராளமாக வருகிறது. நான் இருபது மாட்டினேன். டேஷ்போர்டில் வைக்க என்று விற்கும் ஒன்றரை வாட் பேனல்கள் திறந்த வெயிலில் நாளைக்கு 0.3 அல்லது 0.4 ஏ.எச்.-தான் தரும். கம்ப்யூட்டர் இல்லாத பழைய டிராக்டருக்கோ ஜெனரேட்டருக்கோ அது போதும். இப்போது வரும் கார்களுக்குப் போதாது.

கண்ணாடிக்குள் வைத்தால் அதிலும் பெரிய பங்கு போய்விடும். வெளியே அரை ஆம்பியர் காட்டிய பேனலை அதே மதிய வெயிலில் முன் கண்ணாடிக்குப் பின்னால் டேஷ்போர்டில் படுக்க வைத்து அளந்தேன். கால் ஆம்பியருக்கும் கீழே போய்விட்டது. வெப்பத்தைத் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடியிலும் கறுப்புத் தாள் ஒட்டிய கண்ணாடியிலும் இன்னும் மோசம். உள்ளே வைத்தே ஆக வேண்டும் என்றால் கணக்கில் வந்ததைப் போல இரண்டு மூன்று மடங்கு பெரிய பேனல் வையுங்கள். முடிந்தால் வெளியே, வண்டிக் கூரை மேலோ சுவரிலோ வைப்பதே மேல். வண்டிக்கு உறை போட்டிருந்தால் பேனல் உறைக்கு மேலே இருக்கட்டும், ஒயர் மட்டும் உள்ளே போகட்டும். பேனல் என்ன தருகிறது என்று பார்க்க, வேறு எதிலும் மாட்டாமல் அதன் இரண்டு முனைகளிலும் மீட்டரை ஆம்பியர் அளவில் நேராக வைக்கலாம். சின்ன பேனலால் தன் அளவுக்கு மேல் மின்னோட்டம் தர முடியாது, அதனால் ஆபத்தில்லை. பேட்டரியில் மட்டும் ஒருபோதும் இப்படி வைக்கக் கூடாது, தீப்பொறி பறக்கும்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் பேனல்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பல கார்களில் சாவியை எடுத்ததும் அந்த சாக்கெட் துண்டிக்கப்பட்டுவிடும். பேனலில் பச்சை விளக்கு எரியும், பேட்டரிக்கு ஒரு சொட்டுகூடப் போகாது. ஒரு நண்பர் பேனல் மாட்டியும் பேட்டரி போய்விட்டது என்று வருத்தப்பட்டார். போய்ப் பார்த்தால் இதுதான் விஷயம். சாவியை எடுத்துவிட்டு அந்த சாக்கெட்டில் போன் சார்ஜர் செருகிப் பாருங்கள். எரிந்தால் பேட்டரியோடு இணைப்பு இருக்கிறது. இல்லையென்றால் நேராக பேட்டரி டெர்மினலுக்கு ஒயர் இழுப்பதுதான் வழி. பேட்டரியைக் கண்காணிக்கும் சென்சார் நெகட்டிவ் டெர்மினலில் உள்ள கார்களில் மட்டும், நெகட்டிவ் ஒயரை டெர்மினலில் மாட்டாமல் வண்டியின் பாடியில் உள்ள எர்த் போல்ட்டில் மாட்டுங்கள். அப்போதுதான் உள்ளே போகும் சார்ஜ் வண்டியின் கணக்கில் ஏறும்.

சார்ஜ் கன்ட்ரோலர் வேண்டுமா வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. பேனலின் உச்ச மின்னோட்டம் பேட்டரி ஏ.எச்.-இல் நூறில் ஒரு பங்குக்குள் இருந்தால் கன்ட்ரோலர் இல்லாமலும் ஓட்டலாம், இரவில் மின்சாரம் பேனல் வழியாகப் பின்னோக்கிப் போகாமல் தடுக்க ஒரு டையோடு இருந்தால் போதும் என்பது பழைய கணக்கு. 60 ஏ.எச். பேட்டரிக்கு 0.6 ஆம்பியர், அதாவது பத்து வாட் பேனல் அந்த எல்லையில் வந்துவிடும். ஆனாலும் நான் கன்ட்ரோலர் இல்லாமல் எதையும் விட்டுவிட்டுப் போகமாட்டேன். நிறைந்த பேட்டரிக்குள் வெயில் தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருந்தால் வோல்டேஜ் 15-ஐத் தாண்டும், உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனுமாகப் பிரிந்து போகும், தகடுகளின் சட்டம் அரிக்கும். தண்ணீர் ஊற்ற முடியாத சீல் செய்த பேட்டரியில் போன தண்ணீரைத் திருப்பி ஊற்றவும் வழியில்லை.

இந்த அளவு பேனலுக்குச் சாதாரண பி.டபிள்யூ.எம். வகை கன்ட்ரோலரே போதும், விலை கூடிய எம்.பி.பி.டி. தேவையில்லை. பார்க்க வேண்டியது வேறு. பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்க வேண்டும். நிறைந்த பிறகு 13.5 வோல்ட் அருகே இறங்கி அப்படியே தாங்கிப் பிடிக்க வேண்டும், இதை ஃப்ளோட் என்பார்கள். வெப்பத்தைப் பார்த்து வோல்டேஜைத் திருத்தும் வசதியும் இருந்தால் மிக நல்லது. 25 டிகிரியில் 13.6 வோல்ட் சரி என்றால், 40 டிகிரியில் 13.3 அருகேதான் சரி. மூடிய பானெட்டுக்குள் வெயில் காலத்தில் அந்த வெப்பம் சுலபமாக வரும். மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. இந்த வரிசையை மாற்றக் கூடாது. பேட்டரியைப் பார்த்துத்தான் பல கன்ட்ரோலர்கள் இது 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று தீர்மானிக்கின்றன.

கன்ட்ரோலரை பேட்டரிக்கு அருகில் வையுங்கள், பேனலுக்கு அருகில் அல்ல. பேனலிலிருந்து வரும் ஒயர் நீளமாக இருந்து அரை வோல்ட் இழந்தாலும் நஷ்டமில்லை, பேனலிடம் 18 வோல்ட் இருக்கிறது. கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் நடுவில் அரை வோல்ட் இழந்தால் கதை வேறு. கன்ட்ரோலர் தன் முனையில் 13.6 பார்த்துப் பேட்டரி நிறைந்துவிட்டது என்று ஓய்ந்துவிடும், பேட்டரியிலோ 13.1-தான் இருக்கும். அருகில் என்றேனே தவிர, பேட்டரி இருக்கும் மூடிய பெட்டிக்குள் வைக்க வேண்டாம். அங்கே வாயு சேரும். பாசிட்டிவ் ஒயரில் டெர்மினலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். பேனல் தருவது ஓர் ஆம்பியர்தானே, எதற்கு ஃபியூஸ் என்று கேட்கிறார்கள். ஃபியூஸ் பேனலுக்காக இல்லை. அந்த மெல்லிய ஒயர் எங்காவது உரசித் தோல் கிழிந்து பாடியைத் தொட்டால், பேட்டரி தன் பலத்தையெல்லாம் அதன் வழியே கொட்டும். வண்டி தீப்பிடிக்க அது போதும்.

வாரம் ஒருமுறை யாரையாவது வைத்து வண்டியைப் பத்து நிமிடம் ஓட விட்டால் போதாதா என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. போதாது. ஸ்டார்ட் செய்ய ஆகும் மின்சாரம் உண்மையில் கொஞ்சம்தான், அது சீக்கிரமே திரும்பிவிடும். ஆனால் வாரம் முழுக்கப் போன ஐந்து ஆறு ஏ.எச். பத்து நிமிட ஐடிலிங்கில் முழுதாகத் திரும்பாது. பேட்டரி நிறைய நிறைய உள்ளே வாங்கும் வேகமும் குறையும், கடைசிப் பகுதிக்கு மணிக்கணக்கில் ஆகும். எஞ்சினும் முழுச் சூடு ஏறாமல் நின்றால் ஆயிலிலும் சைலன்சரிலும் ஈரம் தங்கும்.

படகு விஷயத்தில் நான் இன்னும் கண்டிப்பாக இருப்பேன். கார் பேட்டரி போனால் கார் நகராது, அவ்வளவுதான். துறையில் கட்டியிருக்கும் படகின் பேட்டரி போனால் படகே மூழ்கலாம். படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் அந்த பேட்டரியை நம்பித்தான் இருக்கிறது. அதனால்தான் மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் பில்ஜ் பம்ப் மட்டும் தனி ஃபியூஸோடு பேட்டரியில் நேரடியாக இணைந்திருக்கும். காரில் செய்வதுபோல நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டுப் போகும் வசதி இங்கே கிடையாது.

பலரும் பயப்படுவது மழைக்கு. கணக்குப் போட்டுப் பார்த்தால் மழை அவ்வளவு பெரிய எதிரியாகத் தெரியவில்லை. மழையை வாங்கும் பரப்பு 10 சதுர மீட்டர், பெய்தது 100 மில்லி மீட்டர் என்றால் உள்ளே வருவது 1,000 லிட்டர். மணிக்கு 1,900 லிட்டர் என்று பெட்டியில் எழுதிய சின்ன பம்ப், தண்ணீரை மேலே ஏற்றிக் குழாய் வழியே தள்ளும்போது பாதி அளவு செய்தாலும், ஒரு மணி நேரம் சொச்சத்தில் வேலையை முடித்துவிடும். அது இழுப்பது 2.5 ஆம்பியர் போல. மொத்தச் செலவு மூன்று ஏ.எச்.-க்குள். நல்ல நிலையில் இருக்கும் 80 ஏ.எச். பேட்டரி இப்படிப் பல மழைகளை வெயிலே இல்லாமல் தாங்கும்.

உண்மையான எதிரி ஃப்ளோட் ஸ்விட்ச். தண்ணீர் ஏறினால் மிதந்து எழுந்து பம்பை ஓட்டி, தண்ணீர் இறங்கினால் படுத்து நிறுத்தும் சின்ன மிதவை அது. அதன் அடியில் ஒரு கயிற்றுத் துண்டோ மரச்சீவலோ மாட்டினால் எழுந்தபடியே நின்றுவிடும். பம்ப் வெறும் காற்றை இழுத்துக்கொண்டு ஓடும். 2.5 ஆம்பியர், 24 மணி நேரம், 60 ஏ.எச். ஒரே நாளில் பேட்டரி ஏறக்குறைய காலி. சின்ன பேனல் எதுவும் இதை ஈடுகட்டாது. மறுவாரம் மழை வந்தால் பம்ப் ஓட ஆள் இல்லை.

இன்னொன்று கண்ணில் படாமல் நடக்கும். பம்ப் நின்றதும் குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் திரும்பக் கீழே ஓடிவரும். அது மிதவையைத் தூக்கும் அளவு இருந்தால் பம்ப் மறுபடி ஓடும், நிற்கும், தண்ணீர் திரும்பி வரும், மறுபடி ஓடும். ஒரு படகில் உட்கார்ந்து கவனித்தபோது ஒரு துளி புதுத் தண்ணீர் உள்ளே வராமலேயே பம்ப் இப்படி ஓடி ஓடி நின்றது. குழாயை மெல்லியதாக மாற்றி, வளைவு இல்லாமல் இழுத்ததில் சரியானது. ஆகவே படகுக்கு பேனல் மாட்டும் முன் நான் செய்வது இதுதான்: அடியைக் கழுவி, குப்பையை எடுத்து, ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, பம்ப் தானாக எழுந்து தானாக நிற்கிறதா என்று கூடவே இருந்து பார்ப்பேன். நின்ற பிறகு இன்னும் பத்து நிமிடம் காத்திருப்பேன், மறுபடி எழுகிறதா என்று தெரிய வேண்டுமே.

ப்ரொப்பெல்லர் தண்டு வெளியே போகும் இடத்தில் சொட்டும் படகுகளில் பம்ப் தினமும் கொஞ்சம் ஓடும். மணிக்கு இரண்டு நிமிடம் என்றாலே நாளைக்கு 2 ஏ.எச். பேட்டரியின் சொந்த இழப்பு, சார்ஜ் வீணாவது, கன்ட்ரோலர் எல்லாம் சேர்த்தால் 3 ஏ.எச். இருக்கும். மேகத்துக்காக இரட்டித்தால் 6. முப்பது வாட்டில் வந்துவிடும் என்று தோன்றும். படகுக்கு நான் ஐம்பதுக்குக் கீழே போகமாட்டேன், காரணம் நிழல். பேனலில் 36 செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன, குழாயின் நடுவில் மிதித்தால் தண்ணீர் முழுவதும் நிற்பதுபோல ஒரு செல்லை மறைத்தால் மொத்த மின்னோட்டமும் சுருங்கும். பாய்மரத்தின் நிழல், கயிற்றின் நிழல், பறவை எச்சம், எதுவும் போதும். கட்டியிருக்கும் படகு காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் திரும்பிக்கொண்டே இருப்பதால் பேனலை ஒரு திசை பார்த்துச் சாய்த்தும் பயனில்லை. மேலே தடையில்லாத இடமாகப் பார்த்து ஏறக்குறைய படுக்கையாக வைக்க வேண்டும். ஒரு பெரிய பேனலுக்குப் பதில் இரண்டு சின்ன பேனல்களை இரு பக்கமும் வைத்துப் பக்க இணைப்பாக (பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ்) சேர்த்தால், ஒன்று நிழலில் இருக்கும்போது மற்றது வேலை செய்யும்.

உப்புக் காற்றில் சாதாரண செம்பு ஒயர் உறைக்குள்ளேயே கறுத்துவிடும். நுனியைச் சீவிப் பார்த்தால் உள்ளே வெகுதூரம் வரை கறுப்பு ஏறியிருக்கும், அதன்மேல் பற்றவைத்தாலும் ஒட்டாது. வெள்ளீயம் பூசிய ஒயர்தான் படகுக்கு. இணைப்புகளின்மேல் உள்ளே பசை தடவிய, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய், டெர்மினல்களில் வாசலின். துறையிலிருந்து கரண்ட் இழுத்து சார்ஜர் போடும் வசதி இருந்தாலும் நான் சோலாரையே விரும்புகிறேன். கரை மின்சாரத்தின் எர்த் ஒயர் பக்கத்துப் படகுகளோடும் துறையின் இரும்போடும் நம் படகை இணைத்துவிடும், தண்ணீருக்குள் இருக்கும் நம் உலோகப் பாகங்கள் அதனால் வேகமாக அரிக்கலாம். அதைத் தடுக்கத் தனிக் கருவி போட வேண்டியிருக்கும். பேனலில் அந்தப் பிரச்சினையே இல்லை.

எஞ்சினுக்கு ஒன்று, விளக்கு ரேடியோவுக்கு ஒன்று என்று இரண்டு பேட்டரி இருந்தால் இரண்டையும் நிரந்தரமாகச் சேர்த்துக் கட்ட வேண்டாம். ஒன்று கெட்டால் நல்லதையும் இழுத்துக்கொண்டு போகும். இரண்டு வெளியீடு உள்ள கன்ட்ரோலர் கிடைக்கிறது. அல்லது முதல் பேட்டரி 13.3 வோல்ட் அருகே ஏறிய பிறகு இரண்டாவதைச் சேர்த்து, இறங்கினால் பிரித்துவிடும் ரிலே போடலாம்.

லித்தியம் பேட்டரிக்கு நான் இதுவரை சொன்னது பொருந்தாது. அது தானாக இழப்பது மிகக் குறைவு, நிறைந்த நிலையில் நீண்ட நாள் நிற்பதை விரும்பாது, பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்து எல்லாவற்றையும் துண்டித்துவிட்டுப் போவதே நல்லது. உறைநிலைக்குக் கீழே அதற்கு சார்ஜ் ஏற்றவும் கூடாது. பைக்குக்குச் சாதாரண பேட்டரி என்றால் 5 வாட் பேனலும் சின்ன கன்ட்ரோலரும் போதும், கன்ட்ரோலர் தானே எடுத்துக்கொள்ளும் மின்சாரம் குறைவாக உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பனி விழும் இடங்களில் பேனலை ஏறக்குறைய செங்குத்தாக வைத்தால் தாழ்ந்த வெயிலும் படும், பனியும் தங்காது. அங்கே பேட்டரியை நிறைத்து வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: முழுதும் இறங்கிய பேட்டரி −10 டிகிரிக்கு முன்பே உறைந்து வெடிக்கலாம், நிறைந்தது அதைவிடப் பல மடங்கு குளிரைத் தாங்கும்.

அடித்தளத்தில் நிறுத்தும் வண்டிக்கு பேனலால் பயனில்லை. நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை யாரையாவது சார்ஜர் போடச் சொல்லுங்கள்.

மாட்டிய பிறகு பார்த்துக்கொள்வதில் ஒரு விஷயம்தான் முக்கியம். பகலில் வோல்டேஜ் பார்த்து ஏமாறாதீர்கள். வெயில் அடிக்கும்போது 13 வோல்ட்டுக்கு மேல் காட்டுவது பேனலின் வோல்டேஜ், பேட்டரியின் நிலை அல்ல. விடிவதற்கு முன் பாருங்கள். 12.6-க்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், படிவு இறுகும் வேலை இதற்குக் கீழேதான் வேகமாகத் தொடங்கும். 12.2 என்றால் பாதி. தொடர்ந்து சில காலைகளில் எண் இறங்கிக்கொண்டே வந்தால் பேனல் தருவதைவிட வண்டி குடிப்பது அதிகம். பேனலில் புழுதி படிந்திருக்கலாம், பக்கத்து மரம் வளர்ந்து நிழல் விழுந்திருக்கலாம், பம்ப் ஓடிக்கொண்டிருக்கலாம். நான் ஊரில் இல்லாத நாட்களில் துறையில் இருக்கும் தம்பி ஒருவர் விடியற்காலையில் மீட்டரைப் படம் எடுத்து அனுப்புவார். எண் சரியாக இருந்தால் அன்றைக்கு வேறு எதுவும் கேட்பதில்லை.

நீண்ட நாள் போவதற்கு முன் இன்னொரு சோதனையும் செய்வேன். பேனல் மாட்டியிருக்கும்வரை பாதி கெட்ட பேட்டரியும் நல்லதுபோலவே நடிக்கும், ஏனென்றால் தினமும் யாரோ அதைத் தூக்கி நிறுத்துகிறார்கள். அதனால் நன்றாக நிறைந்த பேட்டரியை பேனலிலிருந்தும் வண்டியிலிருந்தும் கழற்றி இரண்டு இரவு தனியே வைப்பேன். நல்ல பேட்டரி 12.6-க்கு மேலேயே நிற்கும். 12.3-க்கு இறங்கினால் உள்ளே ஒரு செல் பலவீனமாகிவிட்டது. 10.5 அருகே விழுந்தால் ஒரு செல் ஷார்ட். இரண்டையும் பேனல் சரிசெய்யாது. காரில் அப்படி ஒன்று இருந்தால் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவேன். படகில் இருந்தால் புது பேட்டரி மாட்டி, வாளித் தண்ணீர் ஊற்றி பம்பை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.